டெபியன் எவ்வளவு கட்டற்றது? நீண்ட காலப் பயனரின் அனுபவம்

பல வருடங்களாக என் மடிக்கணினியில் ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தான். நிலையாக இருக்கிறது, தொல்லை தருவதில்லை. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றுமில்லை. என்னை விடாமல் அரித்தது வேறொரு கேள்வி: மூல நிரலைத் திறந்து தரும் திறமூல இயங்குதளம் என்றாலே, அது பயனருக்குப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் முழு சுதந்திரம் தரும் கட்டற்ற மென்பொருளா?

ஏட்டளவில் பெரிய வித்தியாசம் இல்லை. 1998-ல் வந்த திறமூல வரையறையே, டெபியன் 1997-ல் வகுத்த கட்டற்ற மென்பொருள் நெறிகளிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஆனாலும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை டெபியனைப் பரிந்துரைப்பதில்லை. கட்டற்றவை அல்லாத பொதிகளையும் (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டுகள்) தனிக் களஞ்சியத்தில் வைத்து டெபியன் வழங்குகிறதே, அதுதான் காரணம்.

சரி, என் கணினியில் அப்படி என்னதான் இருக்கிறது? இதற்கென்றே டெபியனில் ஒரு குட்டி நிரல் உண்டு. விஆர்எம்எஸ், அதாவது 'மெய்நிகர் ஸ்டால்மன்' என்பது அதன் பழைய பெயர். கட்டற்றவை அல்லாத பொதிகளைத் தேடிப் பட்டியல் போடும். ஒன்றுமே சிக்காவிட்டால் ஸ்டால்மன் பெருமைப்படுவார் என்று பாராட்டும். எனக்கு அந்தப் பாராட்டு கிடைக்கவில்லை. வைஃபை கார்டுக்குள் ஓடும் சிறு நிரலான ஃபர்ம்வேர், செயலிக்கு (சிபியு) அதே போன்ற மைக்ரோகோடு இரண்டும் பட்டியலில் நின்றன. மொத்தப் பொதிகளில் அவை ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் முதலாவதை நீக்கினால் வைஃபை அவுட்.

அறக்கட்டளை ஏற்றுக்கொண்ட டிரிஸ்குவல் என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டுப் பார்த்தேன். மூல நிரல் இல்லாத துண்டுகளைக் களைந்த லினக்ஸ்-லிப்ரே கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) அதில் இருக்கிறது. என் வைஃபை கார்டை அது சீண்டவே இல்லை. ஏஆர்9271 சில்லு கொண்ட யூஎஸ்பி வைஃபை ஒன்றைச் செருகியதும் இணையம் வந்துவிட்டது. அந்தச் சில்லின் ஃபர்ம்வேருக்கு மூல நிரலே கிடைக்கிறது. முடியாத காரியம் இல்லை, வன்பொருளைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அறக்கட்டளையின் கோடும் எனக்கு முழுசாக ஒட்டவில்லை. அதே ஃபர்ம்வேர் சில்லுக்குள்ளேயே மாற்ற முடியாதபடி பதிந்திருந்தால் அதை வன்பொருளாகக் கருதி விட்டுவிடுகிறார்கள். வட்டிலிருந்து ஏற்றினால்தான் குற்றம். பயனருக்கு இரண்டிலும் கிடைக்கும் சுதந்திரம் ஒன்றுதானே? இன்னொரு வேடிக்கை: ஸ்டால்மனே தொடங்கிய குனு திட்டத்தின் கையேடுகளில், மாற்றக் கூடாத பகுதிகள் கொண்டவற்றை 2006-ல் வாக்கெடுத்து, கட்டற்றவை அல்ல என்று ஒதுக்கியது டெபியன். குனுவின் உரைத்தொகுப்பி ஈமேக்ஸின் கையேட்டுக்கு இன்றும் கட்டற்றவை அல்லாத அந்தக் களஞ்சியத்துக்குத்தான் போக வேண்டும்!

ஆண்ட்ராய்டோடு ஒப்பிட்டால் இதெல்லாம் நுணுக்கச் சண்டை. அதன் அடித்தளம் திறமூலம்தான். ஆனால் இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் பூட்லோடரைப் பூட்டிய போனில் நிரலைத் திருத்தி என்ன செய்வது? ஓட விட மாட்டார்களே. 2007-ல் வந்த, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு இதைத்தான் தடுக்கப் பார்த்தது. ஆனால் ஆண்ட்ராய்டுக்கும் அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல் அந்த உரிமத்தின் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது.

என் கணக்கில் டெபியனின் முதன்மைக் களஞ்சியம் கட்டற்ற மென்பொருள்தான். அதை நிறுவிய என் மடிக்கணினி முழுக்க அப்படியில்லை. இது பற்றி டெபியன் 2022-ல் நடத்திய வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023-ல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே தேவையான ஃபர்ம்வேரும் சேர்ந்து வருகிறது. அதற்கு முன் அதிகாரப்பூர்வமற்ற வட்டுப்படத்தைத் தேடி அலைந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தமில்லை. வேண்டாம் என்பவர்கள் நிறுவியின் பூட் வரியில் 'ஃபர்ம்வேர்=நெவர்' என்பதை ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும், அது எதையும் ஏற்றாது.