அம்மாவுக்கும் 589, எனக்கும் 589: எங்கள் ஊர் ஃபைபர் நெட் எப்படி?

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கும், பாபநாசம் பக்கம் அம்மா தனியாக இருக்கும் கிராமத்து வீட்டுக்கும் ஒரே கம்பெனியின் ஃபைபர் இணைப்புதான். அந்தந்த ஊர் கேபிள்காரர் வழியாக வருகிறது. கம்பெனி பெயர் போடவில்லை. கொஞ்சம் திட்டப் போகிறேன், எங்கள் கேபிள் அண்ணனோ நல்ல மனிதர். பிளான் 60 எம்பிபிஎஸ். மாதம் 499 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 588 ரூபாய் 82 காசு. 3300 ஜிபி வரை முழு வேகம், அதைத் தாண்டினால் 2 எம்பிபிஎஸ்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இணைப்புக் கொடுக்க வந்த பையன் சுவரை நாசம் பண்ணாமல், ஜன்னல் ஓரமாக கிளிப் அடித்து ஒயரை அழகாக இழுத்துவிட்டுப் போனான். மோடத்துக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. காலை நேரத்தில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 58 காட்டுகிறது. மாடியில் மட்டும் வைஃபை சிக்னல் திணறும். அது நெட்டின் குறை இல்லை, எங்கள் மாமனார் கட்டிய சுவரின் கனம்.

கம்பெனி ஆப்பில் போன மாதக் கணக்கைப் பார்த்தபோதுதான் விஷயமே ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் 640 ஜிபி ஓடியிருக்கிறது. பெரியவன் கேம் அப்டேட் என்று இறக்குவது, சின்னவளின் யூடியூப், இவருடைய ஆபீஸ் மீட்டிங், ராத்திரி என் சீரியல், எல்லாம் சேர்த்து. அம்மா வீட்டில் 9 ஜிபி. பேரப்பிள்ளைகளோடு வாட்ஸ்அப் வீடியோ கால், கோயில் பிரசங்கம், அவ்வளவுதான். இருவருக்கும் அதே 589 ரூபாய். போனில் சொன்னேன். “ஏன்டி, கரண்டு மாதிரி எரிச்சதுக்குக் காசுன்னு வச்சா ஆகாதா?” என்றார் அம்மா.

அம்மா கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்ததிலிருந்து அம்மா வீட்டு மின்கட்டணம் அநேகமாகப் பூஜ்யம்தான். ரீடிங் எடுக்க ஆள் வரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அம்மா மீட்டரை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். 94, 95 என்று ஓடினால் ஹால் ஃபேன் நிற்கும், மிக்சிக்குப் பதில் அம்மி இறங்கும். நெட்டுக்கும் ஒரு மீட்டர் வைத்தால் முதலில் நிற்கப் போவது அந்த வீடியோ கால்தான். “சரிடி, வைக்கிறேன், ஓடுது” என்று சின்னவள் பாடிக் காட்டும்போதே கட் பண்ணுவார். எனக்கு இது ஒன்றே போதும், மீட்டர் வேண்டாம் என்று சொல்ல.

காசுக் கணக்காகப் பார்த்தாலும் எனக்கு அது ஒத்துவரவில்லை. மின்சாரத்தில் யூனிட் கூடினால் பெரும்பாலும் எங்கோ நிலக்கரி கூடுதலாக எரிகிறது. நான் ஒரு ஜிபி கூடுதலாக இறக்கினால் கம்பெனிக்கு எதுவும் பெரிதாக எரிவதில்லை. செலவெல்லாம் ஃபைபர் இழுப்பது, கம்பத்துக்கு வாடகை, பெட்டி, ஆள் சம்பளம். அம்மா வீட்டுக்கு இழுத்த ஒயரும் என் வீட்டுக்கு இழுத்த ஒயரும் ஒரே விலைதான். 9 ஜிபி என்பதற்காக அது குறையாது.

கம்பெனிக்கு உண்மையில் சுமையாவது நேரம். கேபிள் அண்ணன் ஒருநாள் விளக்கினார். அவருடைய பெட்டியில் ஒரு போர்ட்டுக்கு 2.5 ஜிகாபிட் (ஒரு ஜிகாபிட் என்பது 1000 எம்பிபிஎஸ்), அதை ஸ்பிளிட்டர் போட்டு 64 வீட்டுக்குப் பிரிக்கிறார்கள். 64 வீடும் ஒரே நேரத்தில் 60 எம்பிபிஎஸ் கேட்டால் 3.8 ஜிகாபிட் வேண்டும், இல்லை. அதற்கும் முன்னால், மேலே அவர் வாங்கி வைத்திருக்கும் பேண்ட்வித் முட்டிவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டில் ஸ்பீட் டெஸ்ட் 11 காட்டும் ரகசியம் இதுதான். விடியற்காலை மூன்று மணிக்குப் பெரியவன் 80 ஜிபி கேம் இறக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்பது மணிக்கு நான் சீரியல் பார்ப்பதுதான் ஊருக்கே இடைஞ்சல். ஜிபி மீட்டரில் அவன்தான் குற்றவாளியாவான்!

பிஎஸ்என்எல்லின் பழைய டேட்டாஒன் பிராட்பேண்ட் காலத்தில் இதைப் புரிந்துதான் வைத்திருந்தார்கள். மாதத்துக்கு இத்தனை எம்பி, மேலே போனால் எம்பி கணக்கில் காசு. ஆனால் 500 ரூபாய் பிளானில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. என் தம்பி 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, டவுன்லோடைப் போட்டுவிட்டு மறுபடி படுப்பான். பகலில் யாராவது பாட்டு வீடியோ திறந்தால் அப்பா பின்னால் வந்து நிற்பார். அந்த வாழ்க்கை எனக்கு மறுபடி வேண்டாம்.

இன்னொரு பயம் விலை. மொபைலில் டேட்டா தீர்ந்தால் போடும் ஒரு ஜிபி பூஸ்டர் 20 ரூபாய் அளவில் இருக்கிறது. அந்த ரேட்டில் போட்டால் என் 640 ஜிபிக்கு 12,800 ரூபாய். வீட்டு நெட்டுக்கு அவ்வளவு வைக்க மாட்டார்கள்தான். ஆனால் யூனிட் விலையை யார் நிர்ணயிப்பது? மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது, சுவரில் சீல் வைத்த மீட்டர் இருக்கிறது, அம்மாவே படித்துவிடுவார். நெட்டுக்குக் கம்பெனி ஆப் காட்டுவதுதான் கணக்கு. இப்போதுள்ள 3300 ஜிபி வரம்பு எனக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை. நாளுக்கு 110 ஜிபி வருகிறது. எச்டி படம் மணிக்கு 3 ஜிபி என்று வைத்தாலும் அதைத் தீர்க்க நாளுக்கு 36 மணி நேரம் வேண்டும்.

அப்புறம் என் மனக்குறைக்கு வருகிறேன். போன மழையில் எங்கள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டியபோது ஃபைபர் அறுந்தது. மோடத்தில் எல்ஓஎஸ் (சிக்னல் வரவில்லை) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியபடியே நாலு நாள். கஸ்டமர் கேரில் புகார் எண் கொடுத்தார்கள், மறுநாள் கேட்டால் “தீர்க்கப்பட்டது” என்று மெசேஜ். கடைசியில் ஸ்பிளைசிங் மெஷினோடு ஆள் வந்து ஒட்டியபோது நெட் வந்தது. அந்த நாலு நாளுக்கு 78 ரூபாய்ச் சொச்சம் கழியுங்கள் என்றேன். “சிஸ்டத்தில் அந்த ஆப்ஷன் இல்லை மேடம்.” கரண்டு போனால் மீட்டர் ஓடாது. வீட்டு இணைப்புக்கு நிலைக்கட்டணத்தையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள், எனவே வராத கரண்டுக்கு ஒரு பைசா கிடையாது. நெட்டில் மட்டும் லைன் செத்துக் கிடந்தாலும் பிளான் நாள் பாட்டுக்கு ஓடுகிறது. மின்வாரியத்தைப் பார்த்துக் கற்க வேண்டியது இதைத்தான். அம்மா மாதிரி ஆட்களுக்கு 10 எம்பிபிஎஸ்ஸில் 200 ரூபாய்க்கு ஒரு பிளானும் போடலாம். இந்தக் கம்பெனியில் 499-க்குக் கீழே எதுவும் இல்லை.

வாங்கலாமா என்று கேட்டால், பகலில் வேலை பார்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்பமே உட்கார்ந்து படம் பார்க்கும் வீடு என்றால் முதலில் பக்கத்து வீட்டில் அந்த நேரத்து வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று கேபிள் அண்ணன் ஆசை காட்டுவார். அறுந்த நாளுக்குக் காசு கழிக்கும் ஆப்ஷன் சிஸ்டத்தில் வரும் வரை நான் மாதாமாதம்தான் கட்டுகிறேன்.