இறக்கத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று

எங்கள் குடும்பத்தில் இப்போது இரண்டு மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் அக்கா வைத்திருப்பது பிஒய்டி அட்டோ 3, பேட்டரி 60.48 யூனிட் (கிலோவாட் மணி). பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே மலைமேல் இருக்கும் ஹில்டனில் மச்சான் வைத்திருப்பது வால்வோ இஎக்ஸ்30. அது 51 யூனிட். முன்னது 2023-லும் பின்னது 2024-லும் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தன. இரண்டுமே எட்டு லட்சம் ராண்டுக்குச் சற்றுக் கீழே விலை தொடங்கிய வண்டிகள். அம்மா வீட்டுக்கும் ஒன்று வாங்கலாம் என்று பேச்சு எழுந்ததால், இரண்டையும் மாறி மாறி இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். ஷோரூமில் வேகத்தையும் திரையையும் காட்டுவார்கள். அங்கே யாரும் எடுத்துச் சொல்லாத வசதிகளைத்தான் நான் ஒப்பிடப் போகிறேன். எங்கள் ஊர் மாதிரி இடத்தில் அவற்றை வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் அட்டோ 3. சார்ஜ் போடும் அதே துளையில் ஓர் அடாப்டரைச் செருகினால் வண்டி மின்சாரம் கொடுக்கத் தொடங்குகிறது. அடாப்டரின் மறுமுனையில் சாதாரண பிளக் பாயின்ட். வீட்டுச் சாமானை நேராக அதில் மாட்டலாம். பேட்டரி எத்தனை சதவீதத்துக்கு இறங்கியதும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று திரையில் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். அக்கா வண்டி வாங்கிப் பல மாதங்கள் இந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், 2022 ஏப்ரல் வெள்ளம். டர்பனில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. அம்மாவின் பெட்டி ஃப்ரீசரில் இருந்த ஆட்டுக்கறியும் மீனும் மூன்றாம் நாள் குப்பைக்குப் போயின. அப்பாவின் இன்சுலினை ஐஸ் கட்டி தேடித் தேடிப் பாதுகாத்தோம். அதற்கு அடுத்த வருடம், முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட்ஷெடிங்கின் உச்சம். அப்போது இப்படி ஒரு வண்டி வாசலில் நின்றிருந்தால்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃப்ரீசர், ஃப்ரிஜ், நாலு எல்இடி விளக்கு, வைஃபை ரூட்டர் எல்லாம் சேர்த்துச் சராசரியாக 300 வாட். மின்சாரம் கொடுக்கும் நேரமெல்லாம் வண்டியும் விழித்திருக்க வேண்டுமே, அதற்கு இன்னொரு 200 வாட் ஒதுக்குவோம். 20 சதவீதத்தில் நிறுத்தச் சொன்னால் நம் கைக்கு 48 யூனிட் கிடைக்கும். அது ஏறக்குறைய 96 மணி நேரம், அதாவது நான்கு நாள், சத்தமும் புகையும் இல்லாமல். கீசரை மட்டும் நினைக்கவே வேண்டாம், அது இந்த அடாப்டருக்குத் தாங்காது. கெட்டில் போட்டால் அந்த நேரத்தில் வேறு எதுவும் போடாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த மின்சாரத்தை வீட்டுச் சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டுக்குள் திருப்பிவிட முயலாதீர்கள். அது தெருக் கம்பிக்கு ஏறினால், அங்கே பழுது பார்த்துக்கொண்டிருப்பவரின் உயிர் போகும். எக்ஸ்டென்ஷன் வயரில் சாமானை நேராக மாட்டுவதுதான் வழி. வீடு முழுதும் வேண்டும் என்றால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

2024-ல் வந்த இஎக்ஸ்30-ல் இந்த வசதி கொடுக்கப்படவில்லை. எனக்கு அதில் பெரிய ஏமாற்றம் இதுதான்.

ஆனால் மச்சான் வீட்டிலிருந்து கீழே இறங்கும்போது கதை மாறுகிறது. ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு என்3 சாலையில் ‘டவுன் ஹில்’ என்ற மலை இறக்கம். பிரேக் போன லாரிகளைப் பற்றி வருடா வருடம் செய்தி வரும் இடம். இஎக்ஸ்30-ன் திரைக்குள் ‘ஒரே பெடல்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் ஜெனரேட்டராகி, பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது, முழுதாக நிறுத்தவும் செய்கிறது. பிரேக் கட்டைகள் சூடாவதே இல்லை. அட்டோ 3-லும் இழுத்துப் பிடிக்கும் அளவைக் கூட்டலாம், ஆனால் இரண்டே படிதான். கூடுதல் படியிலும் வண்டி தானாக நிற்காது, கடைசியில் பிரேக்கை மிதித்தாக வேண்டும். இறக்கத்தில் இஎக்ஸ்30 தரும் நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் பயணத்திலும் இதே கதைதான். ஜோகன்னஸ்பர்க் டர்பனைவிட ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். ஆட்களோடு 2,000 கிலோ எடையுள்ள வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்கவே சுமார் 9 யூனிட் வேண்டும், சாலையில் ஓடும் செலவு தனி. போகும்போது பேட்டரி வேகமாகக் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், திரும்பி வரும்போது அதில் ஒரு பங்கு கைக்கு வரும்.

இரண்டு வண்டிக்கும் பொதுவான ஒரு ரகசியம் உண்டு. மச்சானே அதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டார். பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் ஏது? மோட்டாரின் பிடி தளர்ந்துவிடும். மலைமேல் வீடு இருப்பவர்கள் இரவில் முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டுக் காலையில் இறங்கினால், பழகிய பிடி இருக்காது. அங்கே 90-ல் நிறுத்துவது நல்லது. இந்த இரண்டு வண்டியிலும் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் (எல்எஃப்பி) வகை பேட்டரி. மீதி அளவைத் திரை சரியாகக் காட்ட, அவ்வப்போது 100 வரை ஏற்றவும் வேண்டும். இறக்கம் இல்லாத நாளாகப் பார்த்து அதைச் செய்யலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அட்டோ 3-ன் கதவுப் பையில் கட்டியிருக்கும் சிவப்புக் கம்பிகளை மீட்டினால் கிட்டார் மாதிரி சுரம் எழும், அக்காவின் பேத்தி அதைவிட்டு நகர மாட்டாள். இஎக்ஸ்30-ன் பின்கதவின் உட்புறத்தில், எவ்வளவு பெரிய பொருள் உள்ளே போகும் என்ற அளவு வரைபடமே அச்சாகியிருக்கிறது. கடையில் பெட்டி வாங்கும்போது நிஜமாகவே உதவுகிறது. ஆனால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் திரை இல்லை, வேகத்தைப் பார்க்க நடுத்திரைக்குக் கண் போக வேண்டும். வண்டிக்குள் சாமான் வைக்கும் சிறு பெட்டியைத் (குளோவ் பாக்ஸ்) திறப்பதும் அந்தத் திரையில்தான். அம்மா இரண்டு முறை தேடிவிட்டு, "இது எங்கப்பா திறக்கிறது?" என்று கேட்டார். இரண்டுக்கும் சாவிக்குப் பதிலாக அட்டை தொட்டுத் திறக்கலாம்: அட்டோ 3-ல் பக்கக் கண்ணாடியில், இஎக்ஸ்30-ல் கதவுத் தூணில்.

பின்சீட்டில் அட்டோ 3-க்குத்தான் இடம் அதிகம். டிக்கியும் 440 லிட்டர், இஎக்ஸ்30-ல் 318. தைப்பூசக் காவடிக்குப் பால்குடமும் பூவும் பாட்டியுமாகப் போகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மச்சான் வண்டியை மாற்ற வேண்டாம், தினமும் மலை ஏறி இறங்குபவருக்கு அதுதான் பொருத்தம். அம்மா வீட்டுக்கு அட்டோ 3 என்று முடிவாகிவிட்டது. அடாப்டர் விலையோடு சேர்ந்து வருகிறதா, தனியா என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று நானும் அக்காவும் டேப் பிடித்து அளந்தோம்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து சமையலறை ஜன்னல் வழியாக ஃப்ரீசர் வரை 14 மீட்டர். 20 மீட்டர் வயர் போதும்.