நர்சரி பன்னீர் ரோஜா: ஒட்டுக் கன்றா, குச்சிக் கன்றா?

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, பேட்டைப் பக்கச் சாலையோர நர்சரிகளில் பன்னீர் ரோஜா கேட்டால் இரண்டு விதமாகக் கொடுப்பார்கள். ஒன்று, ஓசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து லாரியில் வருகிற ஒட்டுக் கன்று. மற்றது, உள்ளூரிலேயே குச்சி நட்டு வேர் பிடிக்க வைத்தது. நம்மூர் வெயிலுக்கும் போர் தண்ணீருக்கும் வாங்க வேண்டியது குச்சிக் கன்றைத்தான். பூவும் மொட்டுமாக நிற்கிற ஒட்டுக் கன்றின் பக்கத்தில் அது நோஞ்சானாகத் தெரியும். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒட்டுக் கன்றின் வேர் வேறு செடியுடையது. பெரும்பாலும் மல்டிஃபுளோரா என்கிற காட்டு ரோஜா. சீனா, ஜப்பான், கொரியா அதன் சொந்த இடம். சித்திரை, வைகாசி வெயிலில் ஒட்டுக்கு மேலே இருக்கிற ரோஜா கருகிவிடும், கீழே இருக்கிற காட்டு வேர் பிழைத்துக்கொள்ளும். பிறகு மளமளவென்று கொடி கொடியாகத் துளிர்ப்பதெல்லாம் காடுதான். செடி தேறிவிட்டது என்று அதற்கே உரம் வைத்துக் காத்திருப்பவர்கள் நிறைய. குச்சிக் கன்றில் இந்தத் தொல்லையே கிடையாது. மண்ணிலிருந்து எது கிளம்பினாலும் அது பன்னீர்தான்.

"ஐந்து இலை என்றால் ரோஜா, ஏழு இலை என்றால் காடு" என்பார்கள். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், பன்னீர் ரோஜாவிலேயே ஏழு இலை வரும். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் சின்னச் செதில் மல்டிஃபுளோராவில் சீப்புப் பல் மாதிரி கிழிந்து கிழிந்து இருக்கும். துளிர் ஒட்டு முடிச்சுக்குக் கீழேயிருந்து வந்தாலும் காடுதான். அதைக் கத்தரியால் வெட்டினால் இரண்டாகக் கிளைக்கும். மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்தோடு பிய்த்து எடுக்க வேண்டும்.

வாங்கும்போது "அண்ணாச்சி, இது ஒட்டா, குச்சி வச்சதா?" என்று கேட்டுவிட்டு, அடித்தண்டையும் தடவிப் பாருங்கள். முடிச்சோ பிளாஸ்டிக் நாடாவோ இருந்தால் ஒட்டு. பையையும் அமுக்கிப் பார்க்க வேண்டும். வெளியூர்க் கன்றுகள் பெரும்பாலும் கட்டிக் களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே தொட்டியில் இறக்கினால் ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும், நடுவேர் காயும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றினால் வெளிவேர் அழுகும். ஒட்டுதான் வேண்டும் என்பவர்கள் உருண்டையை வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, வேர் அறுபடாமல் பாதிக் களிமண்ணையாவது கரைத்துவிட்டு நடுங்கள். முடிச்சு மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும்.

குச்சிக் கன்றுக்கும் குறை உண்டு. முதல் ஆறு மாதம் மெதுவாகத்தான் வளரும். பை மாற்றின உடனே நடவும் கூடாது. பையின் அடித்துளையில் வேர் தெரிகிற கன்றாகப் பார்த்து எடுங்கள். தரையில் என்றால் ஒன்றரை அடிக் குழி, மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி. தொட்டி என்றால் 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. செம்மண் இரண்டு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. ஆறு மணி நேர வெயில் வேண்டும், கோடையில் மேற்கு வெயிலை மட்டும் மறையுங்கள். ஆனி, ஆடிக் காற்றுக்கு ஊன்றுகோல் கட்டாயம்.

இந்தப் பக்கத்தில் அதிகம் வருகிற கோளாறு, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது. கரிசல் மண்ணிலும் உப்புப் போர் தண்ணீரிலும் இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. யூரியா போட்டு இது தீராது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலத்தில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் கிடைக்கிற வீடுகளில் அதையே ஊற்றினால் பாதிப் பிரச்சினை வராது.

கோடையில் இலை வெளிறிப் பொடிப் பொடிப் புள்ளி விழுந்தால் சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் 5 மில்லியைச் சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டருக்குக் கலந்து தெளிக்கலாம். கரும்புள்ளி மழைக்காலத்தில் வரும். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

கவாத்து புரட்டாசிக் கடைசியில். பாதி உயரம் விட்டு, வெளிப்பக்கம் பார்க்கிற கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பசை) தடவுங்கள். இல்லையென்றால் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். வெட்டிய குச்சிகளில் பென்சில் கனத்தில் நாலு கணு உள்ளவற்றை மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு புதைய நட்டு நிழலில் வையுங்கள். ஐப்பசி மழை ஈரத்திலேயே வேர் பிடிக்கும். நர்சரிக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டியதில்லை.