ஏரியூர்ப் பக்கம் ஆற்றங்கரை நிலம் வாங்கப் போகிறவர்களுக்கு: எங்கள் 6,80,000 ரூபாய் போன விதம்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், ஏரியூர் வட்டாரத்துக் காவிரிக் கரையோரம் "ஆறு தெரியும் பண்ணை நிலம், சொந்தப் பரிசல் துறையுடன்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு யாரேனும் முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தால், தயவுசெய்து இதைப் படித்து முடிக்கும் வரையாவது பொறுத்திருங்கள். அப்படி ஒரு நிலத்துக்காக எங்கள் குடும்பம் 6,80,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறது. என் தந்தை பணி ஓய்வு பெற்றபோது வந்த தொகையும், என் மனைவியின் நகைகளை அடகு வைத்து வாங்கிய கடனும் சேர்ந்ததுதான் அந்தப் பணம். வழக்கறிஞர் சொன்னதால் விற்றவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. தருமபுரி நகரத்தில் பெரிய பலகை வைத்து, கைப்பேசியில் காணொளி போட்டு, பண்ணை நிலம் விற்கும் ஓர் அலுவலகம் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பகுதியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒகேனக்கல்லைத் தாண்டி ஒட்டனூர், நாகமரை என்று வரும்போது நாம் ஆறு என்று பார்ப்பது பெரும்பாலும் மேட்டூர் அணையின் பின்புறம் தேங்கி நிற்கும் தண்ணீர்தான். 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடித்த அணை அது. முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 120 அடி. அணைக்காக அன்றே ஊர்களையும் நிலங்களையும் அரசு கையகப்படுத்திவிட்டது. தண்ணீர் இறங்கும் கோடையில் அந்தப் பழைய நிலம் வெளியே தெரியும்; கரையோரத்து உழவர்கள் அதில் கேழ்வரகும் எள்ளும் கடலையும் போட்டு, தண்ணீர் திரும்புவதற்குள் அறுத்துவிடுவார்கள். அது காலங்காலமாக நடப்பது, அதில் யார் மீதும் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த நிலத்தை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. எங்களுக்கு விற்றதில் பெரும்பகுதி அந்த நிலம்தான்.

எங்களை அழைத்துப் போனது 2024 மே மாதம். அணையின் நீர்மட்டம் அப்போது பாதிக்கும் கீழே கிடந்தது. ஏரியூரைத் தாண்டித் தார்ச்சாலை முடிந்து, மண் சாலையும் முடிந்து, இரண்டு காடுகளுக்கு (இந்தப் பக்கம் விளைநிலத்தைக் காடு என்பார்கள்) நடுவே ஒரு வண்டித்தடத்தில் அவர்களுடைய ஜீப்பிலேயே இறக்கத்தில் இறங்கினோம். ஒரு புளிய மரத்திலிருந்து தண்ணீர் விளிம்பு வரை சரிவாக விரிந்து கிடந்த நிலத்தை 40 சென்ட் என்று காட்டினார்கள். நான்கு மூலையிலும் கல் நட்டு, வெள்ளையடித்து, தலையில் சிவப்புப் பூசியிருந்தார்கள். என் தந்தை ஒரு கல்லைப் பிடித்தபடி இறங்கியபோது உள்ளங்கையில் சுண்ணாம்பு ஈரமாக ஒட்டிக்கொண்டது. "உங்களுக்குத் தெளிவாத் தெரியணும்னு காலையிலதாங்க ஐயா அடிக்கச் சொன்னேன்" என்று அந்த அலுவலகத்தின் தரகர் தன் துண்டைக் கொடுத்தார். கீழே தண்ணீரோரம் கயிறு தேய்ந்து தடம் விழுந்த ஒரு கல்தூணில் பரிசல் ஒன்று கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு முதிய பரிசல்காரர் உட்கார்ந்திருந்தார். "இந்தத் துறை நிலத்தோட சேர்ந்தது. ரோடு சரியில்லைன்னா என்ன, பண்ணவாடிக் கரையில இருந்து நேரா உங்க வீட்டு வாசல்லயே வந்து இறங்கலாம்" என்று தரகர் சொன்னபோது அந்தப் பெரியவர் மறுக்கவில்லை. நாகமரையிலிருந்து அக்கரைப் பண்ணவாடிக்குச் சுற்றுவழியைத் தவிர்க்க மக்கள் படகில் போய்வருவது இந்தப் பக்கம் எல்லோரும் அறிந்தது. அதனால் அந்தப் பேச்சில் பொய் இருப்பதாகத் தோன்ற வழியே இல்லை.

எங்களை முழுமையாக நம்பவைத்தது அதற்கு அடுத்த பேச்சு. சென்ட் 17,000 ரூபாய், மொத்தம் 6,80,000 ரூபாய் என்று விலை பேசி முடித்ததும் என் தந்தை அங்கேயே கொஞ்சம் முன்பணம் எடுத்து நீட்டினார். தரகர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "முதல்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க ஐயா. அதுல ஒரு சின்னக் கோடு இருந்தாலும் எனக்குப் பணம் வேண்டாம்" என்றார். பணத்தை நீட்டியும் வாங்காத ஒரு மனிதரை என் தந்தை அன்றுதான் பார்த்ததாக வீட்டில் வந்து சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று எடுத்தோம், சுத்தமாக இருந்தது. பட்டா, சிட்டா, தாய்ப் பத்திரம் எல்லாம் உரிமையாளர் பெயருக்கு ஒழுங்காக வந்திருந்தன. இன்று புரிகிறது, அவை ஏன் சுத்தமாக இருந்தன என்று. அவை எல்லாமே புளிய மரத்துக்கு மேலே இருக்கும் 12 சென்ட்டுக்கு உரியவை. கீழே இருக்கும் 28 சென்ட்டைப் பற்றி வில்லங்கச் சான்றில் எதுவும் வராது, ஏனென்றால் அரசு நிலத்தை யாரும் பத்திரம் போட்டு விற்றிருக்க மாட்டார்கள். அந்தச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும். நிலம் யாருடையது, எங்கே முடிகிறது என்று அது சொல்லாது.

பத்திரத்தில் 12 சென்ட்தானே வருகிறது என்று கேட்டோம். மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருப்பதால் உட்பிரிவு வேலை நிற்கிறது, மீதி 28 சென்ட்டுக்கு ஜமாபந்தியில், அதாவது வருவாய்த் துறை ஆண்டுதோறும் நடத்தும் கணக்குச் சரிபார்ப்பில், பட்டா வந்துவிடும், அதுவரை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். தேர்தல் நேரத்தில் அரசு அலுவலகங்களில் பல வேலைகள் நின்றிருந்ததை நாங்களே கண்ணால் பார்த்திருந்தோம். 12 சென்ட்டுக்கு 2,04,000 ரூபாய் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குப் போனது. அதற்குக் கிரயப் பத்திரம் பதிவானது. 28 சென்ட்டுக்கு உரிய 4,76,000 ரூபாயை அலுவலகத்தில் ரொக்கமாக வாங்கிக்கொண்டு, முத்திரைத் தாளில் "அனுபவ பாத்தியம்" (நிலத்தை அனுபவித்துக்கொள்ளும் உரிமை) என்று ஓர் ஒப்பந்தமும், வெள்ளைத் தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ரசீதும் கொடுத்தார்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே 2015 முதல் வருமான வரிச் சட்டத்துக்கு முரண் என்பது, அன்றாடம் நிலம் விற்கும் அந்த அலுவலகத்துக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஜூலையில் கர்நாடகத்தில் மழை கொட்டியது. காவிரியில் வந்த வெள்ளத்தில் மேட்டூர் அணை மளமளவென்று நிரம்பி, ஜூலை 30 அன்று 120 அடியை எட்டியது. தமிழ்நாடே மகிழ்ந்த செய்தி அது. நாங்கள் போய்ப் பார்த்தபோது தண்ணீர் புளிய மரத்தின் வேர் வரை நின்றது. வெள்ளையடித்த கற்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பரிசல் கட்டியிருந்த தூண் எந்த இடத்தில் இருந்தது என்றே எங்களால் சொல்ல முடியவில்லை.

அன்றே இரண்டாவது இடியும் விழுந்தது. மே மாதம் ஜீப் இறங்கிய தடத்தின் குறுக்கே கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டியிருந்தார்கள். அந்தக் காட்டுக்காரர் கோபமாகவெல்லாம் பேசவில்லை. "தம்பி, இது என் பட்டாக் காடு. அறுப்புக்கு வண்டி வர நான் விட்ட தடம். அன்னிக்கு ஒருநாள் ஜீப் போகணும்னு கேட்டாங்க, விட்டேன். யாருக்கும் எழுதிக் குடுக்கலையே" என்றார். எங்கள் கிரயப் பத்திரத்தில் "மாமூல் வழிநடை வண்டித்தட பாத்தியம் உட்பட" என்று ஒரு வரி இருக்கிறது. அதைத்தான் நாங்கள் சாலைக்கு உத்தரவாதம் என்று நம்பியிருந்தோம். வழக்கறிஞர் சொன்னது வேறு. விற்றவருக்கு ஏற்கெனவே வழி உரிமை இருந்திருந்தால்தான் அந்த வரி அதை நமக்குக் கொடுக்கும். அவருக்கே இல்லாத உரிமையை எத்தனை அழகாக எழுதினாலும் அது வராது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் தேவை காரணமான வழி என்று ஒன்று உண்டு. ஆனால் ஒரே உரிமையாளரின் நிலத்தைப் பிரித்து விற்றதால் வழி அடைபட்டிருந்தால்தான் அதைக் கேட்க முடியும். விற்றவரின் எஞ்சிய நிலமும் எந்தச் சாலையையும் தொடவில்லை. நடுவில் இருப்பது மூன்றாம் மனிதரின் காடு. இருபது ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு நடந்த தடம் என்று நிரூபிக்கவும் எங்களிடம் எதுவும் இல்லை. ஆக, பத்திரம் உள்ள 12 சென்ட்டுக்குக்கூட ஒரு மூட்டை சிமெண்டை இறக்க வழி கிடையாது. அதனால்தான் 4,76,000 போயிற்று, 2,04,000 தங்கிற்று என்று நான் கணக்குப் போடவில்லை. போனது 6,80,000 ரூபாய்தான்.

பரிசல் துறையைப் பற்றியும் விசாரித்தேன். கரை அரசுக்கு உரியது. மக்களை ஏற்றிப் போகும் துறைகளை ஏலம் விடுவார்கள், ஏலம் எடுத்தவர்தான் ஓட்ட முடியும். தண்ணீர் வரத்து கூடினால் பரிசல் இயக்கவே மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும்; ஒகேனக்கல்லில் இதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். அப்படியிருக்க, நிலத்தோடு துறையையும் சேர்த்து விற்றார்கள். மே மாதம் அங்கே உட்கார்ந்திருந்த பெரியவரைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, பரிசலைக் கொண்டுவந்து கட்டிவிட்டு உட்காரச் சொன்னார்கள், அன்றைய கூலியைக் கொடுத்தார்கள், வேறெதுவும் தனக்குத் தெரியாது என்று தலையைக் குனிந்துகொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒருநாள் கூலியில் அவருடைய வயதையும் முகத்தையும் எங்களுக்கு எதிராகப் பயன்படுத்திக்கொண்டவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட அலைக்கழிப்பை எழுதவே கை நடுங்குகிறது. முதலில் "ஆடி கழியட்டும் சார், தண்ணி வடிஞ்சதும் அளந்து காட்டறேன்" என்றார் தரகர். ஆடி கழிந்ததும் "அதிகாரி மாறிட்டாரு, புதுசா வந்தவர்கிட்ட பேசணும்" என்றார். ஜமாபந்தி முடிந்துவிட்டதே என்று கேட்டால் அடுத்த ஜமாபந்தி என்றார். நேரில் போனால் அலுவலகப் பையன் "அண்ணன் சைட்டுக்குப் போயிருக்காரு" என்பான்; அண்ணனின் கார் வாசலில் நிற்கும். உரிமையாளரிடம் போனால், தான் வாங்கியது 12 சென்ட்டுக்கு உரிய பணம் மட்டும்தான், மீதியைப் பற்றித் தனக்குத் தெரியாது என்கிறார். தரகரிடம் வந்தால் உரிமையாளரைக் கேளுங்கள் என்கிறார். ஒருநாள் என் தந்தை தானே பேசுகிறேன் என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டார். மே மாதம் "ஐயா, ஐயா" என்று துண்டை நீட்டிய அதே மனிதர், "பெரியவரே, ஆத்தங்கரையில நிலம் வாங்கினா தண்ணி வரத்தான் செய்யும். குளத்துல மீன் இருக்குதேன்னு கோவிச்சுக்குவீங்களா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் கொடுத்த எழுபது வயது மனிதரிடம் பேசிய பேச்சு இது. அன்றிலிருந்து எங்கள் எண்களை அவர் எடுப்பதில்லை.

நில அளவைக்கு விண்ணப்பித்து அளந்தாயிற்று. பட்டா நிலம் புளிய மரத்தோடு முடிகிறது என்று புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ பதிவேடும் (எந்தப் புல எண் யாருடையது என்ற வருவாய்த் துறைப் பதிவேடு) ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கின்றன. புலப்படத்தில் அந்த வண்டித்தடம் ஒரு கோடாகக்கூட இல்லை. பதிவாகாத ஒப்பந்தத்தால் நிலத்தின் மீது எந்த உரிமையும் வராது என்பதையும், அரசு நிலமானால் பதிவே நடக்காது என்பதையும் வழக்கறிஞர் விளக்கினார். மாவட்டக் குற்றப் பிரிவில் ரசீது, ஒப்பந்தம், காணொளி எல்லாவற்றையும் சேர்த்து மனு கொடுத்திருக்கிறோம்.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அணையோர நிலத்தைக் கோடையில் பார்த்து விலை பேசாதீர்கள். 120 அடி நிற்கும்போது எதுவரை தண்ணீர் வரும் என்று கரையோரத்து வீடுகளில் தரகர் இல்லாமல் தனியே கேளுங்கள். வில்லங்கச் சான்றோடு நிற்காமல் புலப்படமும் அ பதிவேடும் எடுத்து, காட்டிய கல்லுக்குக் கல் அளக்கச் சொல்லுங்கள். தடம் யாருடைய புல எண்ணில் போகிறதோ அவரே கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்த வழி உரிமைப் பத்திரம் இல்லாவிட்டால், வண்டி வந்துபோவதை நம்பாதீர்கள். பரிசல் துறையை விற்கிறேன் என்று யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஏரியூர், நாகமரைப் பக்கம் இதே போல 12 சென்ட்டுக்குப் பத்திரமும் மீதிக்கு "அனுபவ பாத்தியம்" ஒப்பந்தமுமாக வாங்கியவர்கள் வேறு யாரேனும் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே அலுவலகத்தின் மீது பலர் தனித்தனியாக மனு கொடுத்தால் விசாரணை வேறு விதமாக நடக்கும் என்று வழக்கறிஞர் சொல்கிறார். ரசீது எந்தத் தாளில் எழுதியிருந்தாலும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.