முகாமில் ரத்தம் எடுத்து, சிவப்பு எழுத்தைக் காட்டி 6,400 ரூபாய் கறந்துவிட்டார்கள்

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்து ஊர் ஒன்றில் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு, 799 ரூபாய்க்கு "60 டெஸ்ட்" என்று ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் ரிப்போர்ட்டோடு வீடு தேடி வந்து, பீடி சுற்றும் 38 வயதுப் பெண்ணிடம், "யக்கா, தைராய்டு முத்திட்டு, ஈரலும் வீங்கியிருக்கு" என்று பயமுறுத்தி, மூன்று மாதப் பொடியும் டானிக்கும் 6,400 ரூபாய்க்குத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். பில் கிடையாது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சிவப்பில் இருந்தவை மூன்றே எண்கள். முதலாவது எஸ்ஜிஓடி 64. ஈரல் டெஸ்டில் பார்க்கும் ஒரு என்சைம் இது. பக்கத்திலேயே அதன் ஜோடி என்சைமான எஸ்ஜிபிடி 29, நார்மல். ஈரல் அழற்சி என்றால் பெரும்பாலும் எஸ்ஜிபிடியும் கூடவே ஏறியிருக்கும். எஸ்ஜிஓடி ஈரலில் மட்டுமா இருக்கிறது? தசையிலும் ரத்தச் சிவப்பணுவிலும் உண்டு. ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் "ஹீமோலைஸ்டு சாம்பிள்" என்று அச்சடித்திருக்கிறது. சிவப்பணுக்கள் உடைந்து, வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சிவந்துவிட்டது என்று அர்த்தம். சிரிஞ்சை வெடுக்கென்று இழுத்தாலும், டியூபைப் போட்டுக் குலுக்கினாலும், சீரம் பிரிக்காமல் வெக்கையில் மணிக்கணக்காக வைத்திருந்தாலும் இப்படி ஆகும். ஒழுங்கான லேப் என்றால் மறுபடி ரத்தம் எடுக்கக் கூப்பிட்டிருக்கும்.

அடுத்து பிலிரூபின் 1.7. பழைய சிவப்பணு சிதையும்போது உண்டாகும் மஞ்சள் பொருள் இது. அதில் டைரக்ட், அதாவது ஈரல் பக்குவப்படுத்தியது, 0.3தான்; மிச்சமெல்லாம் ஈரல் இன்னும் பக்குவப்படுத்தாத இன்டைரக்ட். முந்தின ராத்திரியிலிருந்து பகல் பதினொரு மணி வரை பட்டினி போட்டிருக்கிறார்கள். பட்டினியிலேயே இது ஏறும். சிவப்பணு உடையாத நல்ல சாம்பிளில் மறுபடி பார்த்தும் இதே அளவில் நின்று, மற்ற ஈரல் எண்களும் ஹீமோகுளோபினும் சரியாக இருந்தால், அது பெரும்பாலும் கில்பர்ட் என்ற பிறவிக்கூறு. அதற்கு மருந்தே வேண்டாம்.

மூன்றாவது, தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிடும் டிஎஸ்ஹெச் 6.8; அந்தச் சுரப்பி சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 நார்மல். இதற்குப் பெயர் முற்றிய தைராய்டு அல்ல. இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேபில், அதே காலை நேரத்தில் டிஎஸ்ஹெச்சோடு ஃப்ரீ டி4, ஆன்டி டிபிஓ (தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் டெஸ்ட்) சேர்த்துப் பார்க்க வேண்டும். பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். டிஎஸ்ஹெச் 10க்கு மேல் போனாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போங்கள். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். பல லேப் மெஷின்களில் அது டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

இதைவிடக் கொடுமை, அதே தெருவில் தைராய்டு மாத்திரை சாப்பிடும் இன்னொரு பெண்ணிடம் "மாத்திரையை நிறுத்திட்டு இந்தப் பொடியச் சாப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடி, நல்ல ஈரலையும் கெடுத்துவிடும். சாப்பிடத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிட்டு, டப்பாவைத் தூக்கிப் போடாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்க் காட்டி, ரத்தத்தை மறுபடி பாருங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, வாந்தியோ மயக்கமோ இருந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். காசநோய் மாத்திரையே ஈரலைப் பாதிக்கலாம் என்பதால், அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசரம். பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ரிப்போர்ட், டப்பா, ஜிபே ரசீது மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.