காலபோகம் ஏறிய இரவு: புள்ளிவிபரத்தை யார் எடுப்பது?

காலபோக அறுவடை முடிந்ததும், கிளிநொச்சியில் நான் பார்த்துக்கொள்ளும் நெல் கொள்வனவுத் தரவுத்தளத்தில் பற்றுச்சீட்டுகள் மொத்தமாக ஏறும். 20 லட்சம் வரிசைகள் இருந்த அட்டவணையில் கடந்த முறை ஒரே இரவில் 180,000 சேர்ந்தன. காலையில் கணக்குப் பகுதி அக்கா, "தம்பி, தேநீர் குடித்துவிட்டும் வந்துவிட்டேன், அறிக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது" என்றார்.

அறிக்கைக்கான வினவலை எந்த வழியில் ஓட்டுவது என்று தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் வகுத்த திட்டத்தைத் திறந்து பார்த்தேன். புதிய போகத்துக்கு அது எதிர்பார்த்தது 1 வரிசை; வந்ததோ 180,000. ஒன்றுதானே என்று, தேடலை விரைவாக்கும் சுட்டி (இன்டெக்ஸ்) இல்லாத கொடுப்பனவு அட்டவணையை ஒவ்வொரு வரிசைக்கும் முழுதாகப் புரட்டியிருக்கிறது. அட்டவணையில் என்ன இருக்கிறது என்று மதிப்பிட போஸ்ட்கிரெஸ் எடுத்துவைக்கும் சுருக்கக் குறிப்புதான் புள்ளிவிபரம். அதிலுள்ள அடிக்கடி வரும் மதிப்புகளின் பட்டியலில் பழைய போகங்கள் எல்லாம் இருந்தன, புதிய போகம் மட்டும் இல்லை. அட்டவணை பெருத்திருப்பதை, வட்டில் அது பிடித்திருக்கும் பக்கங்களின் எண்ணிக்கையிலிருந்து போஸ்ட்கிரெஸ் அறிந்துகொள்ளும். உள்ளே வந்தது என்ன என்பது தெரியாது. இரணைமடுவில் போன வாரத்து நீர்மட்டத்தைப் பார்த்து இன்று வான்கதவைத் திறப்பது போன்ற வேலை.

போஸ்ட்கிரெஸின் பின்னணிப் பராமரிப்புப் பணியான தானியங்கி வெக்யூமே புள்ளிவிபரத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அதன் இயல்பான கணக்கு, 50 வரிசைகளுடன் அட்டவணையில் 10 சதவீதம் மாறினால்தான் புள்ளிவிபரம் எடுப்பது. எனக்கு 200,050 மாற்றங்கள் தேவை. 180,000 வரிசைகளுக்கு அது அசையவே இல்லை. அட்டவணை வளர வளர இந்த வாசலும் உயரும். அந்த அட்டவணைக்கு மட்டும் விகிதத்தை 1 சதவீதமாக்கினால் 20,050 போதும். ஆனாலும் ஏற்றம் உறுதியான பிறகுதான் அதற்குச் சேதி போகும். இயல்பில் ஒரு நிமிட இடைவெளியில்தான் எழுந்து பார்க்கும். ஏற்றிய கையோடு அறிக்கை எடுப்பவருக்கு அது உதவாது. தற்காலிக அட்டவணைகளையோ, பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட அட்டவணையின் தாய் அட்டவணையையோ அது தொடுவதுமில்லை.

அதிகாலை மூன்று மணிக்கு ஒரு நேர அட்டவணைப் பணி? ஏற்றம் நான்கு மணிக்கு முடிந்தால் கதை முடிந்தது.

பற்றுச்சீட்டுகளை ஏற்றும் நிரலின் கடைசி வரியில், புள்ளிவிபரத்தை உடனே எடுக்கும் அனலைஸ் கட்டளையை வைப்பதே என் தேர்வு. பரிவர்த்தனைக்குள்ளேயே ஓட்டலாம், தரவும் புள்ளிவிபரமும் சேர்ந்தே வெளியே தெரியும். வாசிப்பையும் எழுத்தையும் மறிக்காது. புள்ளிவிபரம் எவ்வளவு விரிவாக வேண்டும் என்று சொல்லும் இலக்கு இயல்பான 100ஆக இருக்கையில் 30,000 வரிசைகளை மட்டுமே மாதிரியாக எடுப்பதால், அட்டவணை இரட்டித்தாலும் வேலை இரட்டிக்காது.

அது தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு. மாவட்டம் முல்லைத்தீவு, குளம் வவுனிக்குளம் என்று சேர்த்துக் கேட்டால், இரண்டும் தொடர்பற்றவை என போஸ்ட்கிரெஸ் எண்ணி விகிதங்களைப் பெருக்கிவிடும், மதிப்பீடு சுருங்கிப்போகும். போஸ்ட்கிரெஸின் 10ஆம் பதிப்பிலிருந்து உள்ள, நெடுவரிசைகளுக்கு இடையிலான தொடர்பைக் குறித்துவைக்கும் விரிவாக்கப் புள்ளிவிபரத்தை அந்த இரு நெடுவரிசைகளுக்கும் உருவாக்கினேன். அதுவும் அனலைஸ் ஓடினால்தான் நிரம்பும்.

தானியங்கி வெக்யூமுக்கு வைத்த 1 சதவீத அமைப்பையும் அகற்றவில்லை. சிறுபோகத்தில் அக்கா கையால் திருத்தும் பற்றுச்சீட்டுகள் எந்த நிரல் வழியாகவும் வருவதில்லை.