சீலன்ட்டின் மேல் வேக்ஸ்: கறுப்புக் காரில் இரண்டு வருட அனுபவம்

கறுப்புக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வருத்தம் புரியும். கழுவித் துடைத்ததும் பளிச்சென்று இருக்கும். வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். அதற்கு வழி தேடப் போய்த்தான் சீலன்ட் போட்டு அதன் மேல் வேக்ஸ் போடும் பழக்கம் எனக்கு வந்தது.

சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர். கிளியர் கோட்டில், அதாவது கார் நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சில், நன்றாகப் பிடித்துக்கொள்ளும், மாதக்கணக்கில் நிற்கும். அது தரும் பளபளப்பு கண்ணாடி போலக் கூர்மையானது, கொஞ்சம் குளிர்ச்சியானதும் கூட. நான் போடும் வேக்ஸ் கார்னோபா மெழுகு, அது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுப்பது. அதைப் போட்டால் நிறத்துக்கு ஈரம் பட்டது போன்ற ஆழம் வரும், ஆனால் சில வாரங்களில் போய்விடும். சீலன்ட்டை அடியிலும் மெழுகை மேலேயும் வைத்தால் இரண்டின் குணமும் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. வரிசையை மாற்றக் கூடாது. மெழுகிலுள்ள எண்ணெய்ப் பசைக்கு மேல் சீலன்ட் பிடிக்காது.

முதல் முறை அவசரப்பட்டேன். காலையில் சீலன்ட், இரண்டு மணி நேரத்தில் வேக்ஸ். மாலையில் பார்த்தால் பானெட் முழுக்கத் திட்டுத் திட்டாக மங்கல், எவ்வளவு துடைத்தும் போகவில்லை. சீலன்ட் இறுகுவதற்கு முன்பே பேஸ்ட் வேக்ஸில் இருக்கும் கரைப்பான் அதைக் கலைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது ஒரு முழு இரவு, முடிந்தால் 24 மணி நேரம், காரை நனையாத இடத்தில் விட்டுவிட்டுத்தான் வேக்ஸ் டப்பாவைத் திறக்கிறேன். அந்த வேக்ஸும் அரைக்கும் பொடி கலக்காததாக இருக்க வேண்டும். 'கிளீனர் வேக்ஸ்' என்று போட்டிருந்தால் அது அடியில் இருக்கும் சீலன்ட்டையும் தேய்த்து எடுத்துவிடும்.

உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க, பானெட்டின் நடுவில் டேப் ஒட்டி ஒரு பாதியில் சீலன்ட் மட்டும், மறு பாதியில் அதன் மேல் வேக்ஸ் என்று போட்டேன். நேர் வெயிலில் பெரிய வித்தியாசம் இல்லை. சாயங்கால வெளிச்சத்தில் சாய்வாக நின்று பார்த்தபோது மெழுகுப் பக்கம் கறுப்பு இன்னும் கறுப்பாக, உள்ளே இழுப்பது போல இருந்தது. எனக்கு அது போதும். ஆனால் அண்ணனின் வெள்ளி நிறக் காரில் இதையே செய்தபோது எந்தப் பக்கம் எது என்று எங்கள் இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. வெளிர் நிறக் காருக்கு இந்த இரட்டை வேலை தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தெளிவு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த இரண்டிலும் இல்லை, அடியில் செய்யும் வேலையில் இருக்கிறது. கழுவிய பிறகு மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். மணல் போல நெருடினால், ஒட்டியிருக்கும் அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் போடாமல் மேலே போகக் கூடாது. கீறல்களை எடுப்பது பாலிஷ்தான். வேக்ஸ் அவற்றைக் கொஞ்சம் நிரப்பி மறைக்கும், அவ்வளவே. கிளியர் கோட்டின் மொத்தத் தடிமனே பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் தின்னும். அதனால் ஒரு தடவை ஒழுங்காகப் பாலிஷ் செய்துவிட்டு, அந்தப் பரப்பைக் காப்பாற்றத்தான் மேல் பூச்சு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வேக்ஸ் ஆறு முதல் எட்டு வாரம் வரை நிற்கிறது. இன்ஜின் சூட்டில் பானெட்டில்தான் முதலில் போகும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவ ஆரம்பித்தால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. சீலன்ட்டை ஐந்து மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறேன், அப்போது மிச்ச மெழுகைத் துடைத்தெடுத்த பிறகுதான். இரண்டுமே மெல்லிசாகப் போட வேண்டும். கெட்டியாகப் பூசினால் துடைக்கத் தோள் வலிப்பதுதான் மிச்சம், கூடுதல் பளபளப்பு வராது.

குறை என்றால், வெயில் காலத்தில் மெழுகின் மேல் தூசி சற்று அதிகம் ஒட்டுகிறது. முத்து முத்தாக நிற்கும் உப்புத் தண்ணீர் அப்படியே காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகளும் விழும். கழுவியவுடன் துடைத்தே ஆக வேண்டும்.

இப்போது கதவுகளுக்கும் பக்கங்களுக்கும் சீலன்ட் மட்டும் போடுகிறேன். பானெட், கூரை, பின் மூடி மூன்றுக்கும் மேலே வேக்ஸ். அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஆகிறது.